சவானாவில் திரும்பிய வண்டி

சித்தப்பாவின் முதலாளி சொன்னது ஒன்று, சித்தப்பா விளங்கிக்கொண்டது இன்னொன்று. என்ஜினை இறக்கி ஏற்றியிருக்கிறாய், இனி நீளமான ஓட்டம் ஒன்று ஓடிப் பார், அப்போதுதான் சரியா பிழையா என்று தெரியும் என்று முதலாளி சொன்னாராம். அவர் மனதில் இருந்தது பக்கத்து ஊரான லவாலைச் சுற்றி ஒரு வட்டமாக இருந்திருக்கலாம். சித்தப்பா அதை அமெரிக்காவின் தெற்கிலுள்ள ஜோர்ஜியா மாநிலம் என்று எடுத்துக்கொண்டார்.

சித்தப்பா வேலை செய்த கராஜ் மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் இருந்தது. குளிர் தொடங்கியதும் புளோரிடாவுக்கு ஓடிவிடும் வசதியான கிழவர்களின் பெரிய வண்டிகளை அங்கே பழுது பார்த்தார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் எல்லாம் இருக்கிற வண்டிகள். எங்கள் வீட்டில் அதைக் கரவன் என்று சொன்னோம். நாங்கள் அதே நகரின் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மூன்றாம் மாடியில் இருந்தோம். அந்தக் கரவனின் குசினி எங்கள் குசினியைவிட வெளிச்சமாக இருந்தது என்பதை அம்மா ஒருமுறை சொன்னாள். அது புகாரா பாராட்டா என்று அப்பாவுக்குத் தெரியவில்லை.

ஈஸ்டர் விடுமுறைக்கு முதலாளி கராஜைப் பூட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் போனார். மறுநாள் விடிய சித்தப்பா கரவனை எங்கள் தெருவில் கொண்டுவந்து நிறுத்தினார். ஓரத்தில் ஊத்தைப் பனி இன்னும் குவிந்து கிடந்தது. அப்பா அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அம்மா மிளகாய்த் தூள் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான்: கடல் பார்க்கப் போகிறோம். அங்கே மாமாவைக் காண்போம். மாமா எங்களோடு மொன்றியலுக்கு வருவார். இதை யாருக்கும் சொல்லக் கூடாது.

மாமா என்பது அம்மாவின் ஒரே தம்பி. அவர்களைப் பெற்றவள் நேரத்தோடு செத்துப்போக, அம்மாதான் அவரைக் குளிப்பாட்டி, தலை சீவி இழுத்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வளர்த்தாள். தகப்பனும் போன பிறகு அம்மாவின் பக்கத்தில் மிச்சம் இருந்தது அவர் ஒருவர்தான். இலங்கைச் சண்டைக்குத் தப்பி நாங்கள் கனடாவுக்கு வந்தபோது அவர் ஒரு கிரேக்கக் கப்பலில் வேலைக்கு ஏறியிருந்தார். எங்காவது ஒரு துறைமுகத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிடுவார். இரைச்சலுக்குள் அம்மா, சாப்பிட்டியோ, சாப்பிட்டியோ என்று மட்டும் கேட்பாள். கதைக்க வேறு விஷயம் இருக்கவில்லை என்றில்லை. வேறு எதைக் கேட்கத் தொடங்கினாலும் அவளுக்கு அந்தச் சொல்லே வந்தது.

அந்தக் காலத்தில் கனடா எல்லைக்கு வந்து அடைக்கலம் கேட்டவர்களை உள்ளே விட்டார்கள். எல்லைக்கு வந்து சேருவதுதான் கஷ்டம். மாமாவின் கப்பல் கனடாப் பக்கம் வருவதேயில்லை. அப்படியிருக்க ஒருநாள் அவர் கூப்பிட்டு, ஏப்ரலில் கப்பல் சவானா என்ற ஊருக்கு வருகிறது, களிமண் ஏற்றப்போகிறது, சில நாள் நிற்கும் என்று சொன்னார். அப்பா தேசப்படத்தை விரித்தார். சித்தப்பா என்ஜினைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார். எங்கள் பத்திரங்கள் சரியாகியிருந்தன. அமெரிக்காவுக்குள் போய்வர எங்களுக்குத் தடையில்லை. பின்கட்டிலுக்குக் கீழே படுக்கை விரிப்புகள் வைக்கிற நீளமான பெட்டியொன்று இருந்தது. எல்லைக்கு வரும் வழியில் அமெரிக்கப் பொலிஸ் மறித்தால் மாமா அதற்குள் ஒளிந்துகொள்ளலாம். சித்தப்பா அதைத் திறந்து, உள்ளே படுத்து, மூடச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, "மூச்சு விடலாம்" என்றார்.

எல்லையில் இருந்த அமெரிக்க அதிகாரி கரவனுக்குள் தலையை நீட்டினார். அம்மா அப்போது வெங்காயம் தாளித்துக்கொண்டிருந்தாள். அப்பா அது நல்ல யோசனை என்று சொல்லியிருந்தார். குடும்பமாகச் சமைத்துக்கொண்டு போகிறவர்களை யாரும் சந்தேகிக்க மாட்டார்களாம். அதிகாரி தும்மினார். பிறகு கையை ஆட்டிப் போகச் சொன்னார்.

எனக்கு அந்தப் பயணம் பெரிய சந்தோஷம். பனி முதலில் வயல்களிலிருந்து போனது, பிறகு மலைகளிலிருந்து போனது, பிறகு எங்கேயும் இல்லை. மரங்களுக்கு இலை வந்தது. வழியில் கரவன்கள் தங்குகிற பூங்காக்களில் இரவு தங்கினோம். பக்கத்து வண்டிகளில் இருந்த வெள்ளைக்காரக் கிழவிகள் எனக்கு பிஸ்கட் தந்து ஏதோ கேட்டார்கள். மொன்றியலில் நான் வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர். டாக்டரிடமும் தெப்பனேர் என்கிற மூலைக் கடையிலும் அம்மாவுக்காகப் பிரெஞ்சு பேசுகிறவள் நான். இங்கே என் பிரெஞ்சு யாருக்கும் தேவைப்படவில்லை. ஆங்கிலம் பேசத் தெரிந்தது சித்தப்பாவுக்கு மட்டும்தான். அதனால் அவர் என் கண்ணில் பெரிய ஆளாகிவிட்டார்.

அம்மா யன்னலுக்கு வெளியே பார்க்கவேயில்லை. வண்டி ஓடும்போதும் ஏதாவது அரிந்துகொண்டிருந்தாள். மாமாவுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பைப் புறப்பட்ட அன்றே வைத்து, அது பழுதாகிவிடும் என்று பயந்து எங்களுக்கே போட்டுவிட்டு, மறுநாள் திரும்பவும் வைத்தாள்.

சவானா மிகவும் பழைய ஊர். ஊர் முழுக்கச் சின்னச் சின்னச் சதுரப் பூங்காக்கள். அவற்றைச் சுற்றி இரும்புக் கம்பி போட்ட பழைய வீடுகள். பெரிய பெரிய மரங்கள், அவற்றின் கிளைகளிலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ பாசி நீளநீளமாகத் தொங்கியது. எல்லா மரமும் தலைவிரிகோலமாக நிற்கிறது என்று அம்மா சொன்னாள். அந்த ஊரைப் பற்றி அவள் சொன்ன ஒரே வசனம் அது. குதிரை வண்டிகளில் உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். வண்டிக்காரன் ஒவ்வொரு வீட்டையும் சவுக்கால் காட்டிக் கதை சொன்னான். அப்பா பதற்றத்தில் எழுத்துக்கூட்டி ஊரிலுள்ள எல்லாப் பலகைகளையும் வாசித்தார். இன்ன வீடு இன்ன காலத்தில் கட்டப்பட்டது, இங்கே பஞ்சு வைத்திருந்தார்கள், இங்கே ஒரு தளபதி தங்கினார். யாரும் கேட்கவில்லை.

பெரிய பூங்கா ஒன்று, அதில் வெள்ளை நீரூற்று இருக்கும், அதற்குப் பக்கத்தில் நில்லுங்கோ என்று மாமா சொல்லியிருந்தார். நின்றோம். அன்று முழுவதும் அவர் வரவில்லை. அம்மா கரவனின் படியில் உட்கார்ந்திருந்தாள். எழும்பினால் அந்த நேரம் பார்த்து வந்துவிடுவார் என்பது போல, தண்ணீர் குடிக்கவும் எழும்பவில்லை. பொழுதுபடப் பொலிஸ்காரர் ஒருவர் வந்து, இங்கே இரவு நிறுத்தக் கூடாது என்றார். ஊருக்கு வெளியே போய்ப் படுத்துவிட்டு விடியத் திரும்பி வந்தோம்.

இரண்டாம் நாள், நீரூற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் நடந்து வந்தார். நான் முதலில் கண்டது சப்பாத்துகளைத்தான். மாவில் மிதித்ததுபோல வெள்ளையாக இருந்தன. கப்பலில் ஏற்றிய களிமண் அப்படி வெள்ளை நிறம் என்று பிறகுதான் தெரிந்தது. அம்மா எழும்பினாள், ஆனால் நடக்கவில்லை. அவர்தான் வந்து அவளைக் கட்டிப்பிடித்தார். அவள் அவருடைய முதுகைத் தடவித் தடவி, "மெலிஞ்சுபோனாய், மெலிஞ்சுபோனாய்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நினைத்திருந்ததைவிட மாமா கட்டை. முன்பல்லில் ஒன்று பாதி உடைந்திருந்தது. என்னைத் தூக்கிப் பார்த்து, "பெரிய மனுசி ஆகிட்டா" என்றார். நான் பெரிய மனுசி மாதிரி நின்றேன்.

கரவனுக்குள் அவருடைய வெள்ளைக் காலடிகள் வாசலிலிருந்து மேசை வரை விழுந்தன. அம்மா பழக்கத்தில் உடனே துணியை எடுத்துத் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகு, ஏன் துடைத்தேன் என்று சொல்லி அழுதாள்.

அவர் சாப்பிட்டார். சித்தப்பா பெட்டியைத் திறந்து காட்டினார். மாமா சிரித்துக்கொண்டு உள்ளே படுத்தும் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. "செய்து வைச்ச மாதிரி" என்று சித்தப்பா பெருமைப்பட்டார். பிறகு என்னை, போய் நீரூற்றில் விளையாடு என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்து உள்ளே நடந்ததை நான் வளர்ந்த பிறகு அப்பாவிடம் கேட்டுத்தான் அறிந்தேன்.

மாமா சொன்னாராம்: "அக்கா, நான் வரேல்லை."

அம்மா அது காதில் விழாததுபோல இன்னும் ஒரு அகப்பை சோறு வைத்தாள்.

"நாங்கள் தமிழாக்கள் நாலு பேர் கப்பலில. பாஸ்போட் எல்லாம் கப்டனிட்டை. ஒருத்தன் திரும்பி வந்து ஏறினால்தான் மற்றவன் இறங்கலாம். நேற்று வேற ஆளின்ரை முறை, அதுதான் வரேலாமல் போச்சு. ஆரும் ஓடினால் மிச்ச ஆக்களைக் கொழும்புக்குப் பிளேன் ஏத்திவிடுவன் எண்டு சொல்லியிருக்கிறான்."

"எல்லாக் கப்டனும் அப்பிடித்தான் சொல்லுவாங்கள்" என்றார் சித்தப்பா.

"இவன் முந்தியும் செய்தவன், அண்ணை."

அப்பா, உன்ரை உயிரை முதலில் பார் என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டு, மட்டக்களப்புப் பெடியன் ஒருவன் கப்பலில் இருக்கிறான், அவனுடைய தமையனை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், இவனையும் தேடுகிறார்கள், கொழும்பில் இறங்கினால் விமான நிலையத்தைத் தாண்ட மாட்டான் என்றார். அவனுக்கு அந்த வேலையை எடுத்துக் கொடுத்தது மாமாதான்.

"ஒப்பந்தம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. முடிஞ்ச உடனை எங்கையெண்டாலும் இறங்கி வந்திடுவன். பேந்து வாறன், அக்கா."

எங்கள் வீட்டில் பேந்து, அதாவது பிறகு, என்ற சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. அப்பா எனக்கு சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொன்னதும் பேந்துதான். அம்மா சாப்பாட்டுக் கோப்பையை அவர் முன்னாலிருந்து எடுத்துவிட்டு, அவருடைய மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தாளாம். விடவில்லை.

அப்போதுதான் சித்தப்பா, பெற்றோல் மணக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தார். நான் நீரூற்றடியில் நின்றேன். "பிள்ளை, ஓடி வா, ஏறு" என்று மெதுவாகக் கூப்பிட்டார். என்னைத் தனக்குப் பக்கத்து முன் இருக்கையில் ஏற்றினார். வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, பின்கதவைப் பூட்டி, என்ஜினைத் தொடக்கி, அந்தப் பெரிய வண்டியை ஒரே இழுவையாகத் தெருவில் விட்டார்.

பின்னால் கோப்பைகள் விழுந்து உருண்டன. அப்பா, "என்னடா செய்யிறாய்" என்று கத்தினார். மாமாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. முதலில் அவர் உண்மையாகவே சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. சித்தப்பா பகிடி விடுகிறார், எல்லோருமாக மொன்றியலுக்குப் போகிறோம் என்று நான் கை தட்டினேன். சித்தப்பா சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை றோட்டிலிருந்து எடுக்காமல் ஓட்டினார். அவருடைய காதுக்குப் பக்கத்தில் வியர்வை ஓடியது.

பழைய வீடுகள் போயின. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினோம். இரண்டு பக்கமும் புல் வளர்ந்த சேற்று நிலம் வந்தது. பின்னால் சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. மாமா கத்தவில்லை, முன்னுக்கு வந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கவுமில்லை. அம்மாவிடம்தான் ஏதோ சொன்னார். மெல்லச் சொன்னார். அப்பாவுக்கு அது கேட்டிருக்கிறது: "அக்கா, அந்தப் பெடியனுக்கும் ஒரு அக்கா இருக்கிறா. அவ என்ரை கையைப் பிடிச்சுத்தான் அவனை அனுப்பினவ. இப்ப நீங்கள் பிடிச்சிருக்கிற மாதிரி."

வண்டி இன்னும் கொஞ்சத் தூரம் ஓடியது. பிறகு அம்மாவின் குரல் வந்தது.

"தம்பி, வண்டியைத் திருப்புங்கோ."

அவள் சித்தப்பாவையும் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். சித்தப்பா கேட்காததுபோல ஓட்டினார். அம்மா எழும்பி, ஆடுகிற வண்டிக்குள் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்து முன்னுக்கு வந்தாள். கையைச் சித்தப்பாவின் தோளில் வைத்தாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் அவரைத் தொட்டு நான் கண்டதில்லை.

"திருப்புங்கோ."

சித்தப்பா ஓரத்தில் நிறுத்தினார். இறங்கிப் போய், சக்கரத்துக்கு ஓங்கி ஒரு உதை விட்டார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சேற்று நிலத்தைப் பார்த்து நின்றார். வெகுநேரம் கழித்து வந்து ஏறினார். என்ஜின் சூடாகிவிட்டது என்று நினைத்தேன்.

மாமா பூங்காவடியில் இறங்கினார். அம்மா அவருக்கு ஒரு பையில் பொரித்த குழம்பும் மிளகாய்த் தூளும் கொடுத்தாள். நாலு பேருக்கும் காணுமோ என்று கேட்டாள். காணும் என்றார். எங்கள் ஆட்கள் புறப்படும்போது சொல்வதுபோல, "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு, நீரூற்றைச் சுற்றிக்கொண்டு, வந்த வழியே போனார்.

மறுநாள் பின்னேரம் கப்பல் புறப்படும் என்று சொல்லியிருந்தார். ஆறு அந்த ஊரை உரசிக்கொண்டு ஓடுகிறது. பழைய பஞ்சுக் களஞ்சியங்களுக்குக் கீழே, கல் பாவிய ஒரு கரைத்தெரு. பெரிய கப்பல்கள், கையை நீட்டினால் தொடலாம்போல, அந்தத் தெருவைக் கடந்துதான் கடலுக்குப் போகும். உல்லாசப் பயணிகள் ஐஸ்கிறீமோடு நின்று பார்ப்பார்கள். அங்கே ஒரு சிலை இருந்தது. ஒரு பெண், பக்கத்தில் ஒரு நாய், இரண்டு கையாலும் ஒரு துணியை உயர்த்திப் பிடித்திருக்கிறாள். முன்னொரு காலத்தில் அந்த ஊருக்கு வந்துபோன கப்பல்களுக்கெல்லாம் துணியை வீசிக் காட்டியவளாம். அப்பா பலகையை வாசித்துச் சொன்னார். அம்மா சிலைக்குப் பக்கத்தில் நின்றாள். படம் எடுக்க வந்த ஒருவர் அவளைப் பார்த்து, கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா என்று சிரித்துக்கொண்டு கையால் காட்டினார். அம்மா தள்ளி நின்றாள்.

கப்பல் வந்தது. துருப்பிடித்த பக்கங்களில் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. எல்லோரும் ஆற்றைப் பார்த்தார்கள். நான் மட்டும் மறுபக்கம், தெருவுக்கு இறங்கி வருகிற கற்படிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமா பையோடு அந்த வழியாகத்தான் வருவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கப்பல் போகிறதென்றால் போகட்டும், அவர் அதில் இல்லைத்தானே. "அந்தா, அந்தா, மஞ்சள் தொப்பி" என்று சித்தப்பா கத்தியபோதுதான் திரும்பினேன். மேல்தளத்தில் சின்னச் சின்ன மனிதர்கள் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ பேர் மஞ்சள் தொப்பி போட்டிருந்தார்கள். சித்தப்பா சட்டையைக் கழற்றி வீசினார். அப்பா கையைக் காட்டினார். அம்மா கையைத் தூக்கவேயில்லை. இரண்டு கைகளையும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கப்பல் வளைவில் திரும்பி மறைந்த பிறகும், கலங்கிய தண்ணீர் கரைக் கல்லில் அடித்து அடங்கும் வரைக்கும் அப்படியே நின்றாள்.

திரும்பி வரும் வழியில் இலைகள் போயின, பிறகு பனி வந்தது. பின்கட்டிலில் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அப்பா சமைத்தார். கனடா எல்லையில் அதிகாரி, கொண்டுவருவதற்கு ஏதாவது இருக்கிறதா என்று பிரெஞ்சில் கேட்டார். மறுபடியும் நான்தான் மொழிபெயர்ப்பாளர். ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

கோடையில் மாமாவிடமிருந்து தொலைபேசி வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. கொழும்பில் ஒரு லொட்ஜில் அவரைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அங்கிருந்து கொண்டுபோய்விட்டார்கள் என்று இன்னொருவர் சொன்னார். எங்கே கொண்டுபோனார்கள் என்று சொல்ல யாருமில்லை. கொழும்புக்கு அவர் ஏன் போனார் என்பதும் எங்களுக்கு விளங்கவில்லை. அம்மா ஒவ்வொரு வெள்ளியும் விளக்குக் கொளுத்தினாள். உயிரோடு இருப்பவருக்காகவா இல்லாதவருக்காகவா என்று நாங்கள் கேட்கவில்லை. சித்தப்பா கராஜ் வேலையை விட்டார். எங்கள் வீட்டுக்கு வருவதையும் குறைத்துக்கொண்டார். வந்தாலும் அம்மாவின் முகத்தைப் பார்க்க மாட்டார். ஒருநாள் குடித்துவிட்டு வந்து, "நான் திருப்பியிருக்கக் கூடாது, அண்ணி" என்று வாசலில் நின்று அழுதார். "நான்தானே சொன்னனான்" என்று அம்மா சொன்னாள். அவருக்கு ஆறுதலாக அதைச் சொன்னாளோ, தன்னையே குற்றம் சாட்டிச் சொன்னாளோ, அவர்கள் இருவருக்கும்தான் தெரியும்.

நான் பல்கலைக்கழகத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒருவர் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். நோர்வேயிலிருந்து வருவதாகச் சொன்னார். மட்டக்களப்பு. கப்பலில் இருந்த அந்தப் பெடியன்தான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. உட்காரச் சொன்னபோதும் உட்காராமல், நின்றுகொண்டே சொன்னார். சவானாவுக்கு அடுத்த துறைமுகத்தில் அவரும் இன்னொருவரும் கப்பலிலிருந்து இறங்கி ஓடிவிட்டார்கள். கப்டன் சொன்னபடியே செய்தான். மிச்சம் இருந்தவர்களைப் பிளேன் ஏற்றினான்.

அப்பா எழும்பி யன்னலருகே போய் நின்றார். அம்மா வந்தவரைப் பார்த்துக் கேட்டாள்.

"அவனுக்குச் சொன்னனீங்களோ, போகப்போறம் எண்டு?"

"சொன்னனாங்கள், அக்கா."

"என்ன சொன்னவன்?"

"போங்கோ எண்டுதான் சொன்னவர். அவரும் வந்திருப்பார். காலிலை அடிபட்டிருந்தது, ஓடேலாது."

அம்மா குசினிக்குப் போனாள். பாத்திரச் சத்தம் கேட்டது. சோறு போட்டுக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்து, "சாப்பிடுங்கோ, தம்பி" என்றாள். அவர் அழுதுகொண்டே சாப்பிட்டார். முடிய முடிய அம்மா போட்டுக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு அந்தக் கோப்பையைக் கழுவினாள், திரும்பவும் கழுவினாள், பிறகு அதைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டாள்.

மாமாவை நினைக்கும்போது எனக்கு வருவது கப்பலல்ல, சேற்று நிலத்திலிருந்து ஊருக்குத் திரும்பிய அந்த ஓட்டம். அம்மா பின்னுக்குப் போய்விட்டாள். அப்பா அவளோடு இருந்தார். மாமா முன்னுக்கு வந்து, என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, நான் இருந்த இருக்கையில் உட்கார்ந்தார். வண்டி முன்னால் எங்கேயோ போய் ஒரு பெற்றோல் நிலையத்தில் வட்டமடித்தது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அந்த வயதில் எனக்குத் திசை தெரியாது. மொன்றியலுக்குப் போகிறோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லுங்கோ, பெரிய மனுசி, உங்கடை வீடு எப்பிடி?" என்றார்.

மூன்றாம் மாடி என்றேன். படிகள் வெளியே இருக்கும், பனிக்கு வழுக்கும், கைபிடியைப் பிடித்துக்கொண்டு ஏறவேண்டும் என்றேன். அம்மா எந்த யன்னலடியில் நிற்பா என்று கேட்டார். குசினி யன்னல் என்றேன். அதிலிருந்து என்ன தெரியும் என்று கேட்டார். ரயில் பாதை தெரியும் என்றேன். பனி விழும்போது சத்தம் கேட்குமா? கேட்காது. மெத்ரோவுக்குள் குளிருமா? குளிராது. பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லித் தருகிறார்கள், ஒரு பிரெஞ்சுப் பாட்டுப் பாடு. பாடினேன். நான் எங்கே படுக்கிறேன், அம்மா எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறா, வேலையால் வந்து முதலில் என்ன செய்வா. சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை ஹீட்டரில் வைப்பா என்றேன். அதைத் திரும்பவும் சொல்லச் சொன்னார். அம்மா சிரிப்பாவா என்று கேட்டார். சில நேரம் என்றேன். எதற்கு என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சித்தப்பா பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஓட்டினார்.

வண்டி நீரூற்றடியில் நின்றபோது எனக்குத் திகைப்பாக இருந்தது. பிறகு, உடுப்புப் பையை எடுக்கப் போகிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எங்கள் வீட்டைப் பற்றி இவ்வளவு கேட்ட ஒருவர் வராமல் விடுவாரா? வரப்போகிறவன் கேட்கமாட்டான், வந்து பார்த்துக்கொள்வான் என்பது எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை.